ஓட்டை ஸ்ட்ராவும் ஒரு பழைய முட்டையும்

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரியத்துக்கு வருகிறார்கள். டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்க்க, பூநாரை பார்க்க, இறாலும் நண்டும் வாங்கிப்போக. நான் கொஞ்ச காலமாக நான்காவது காரியம் ஒன்றுக்காகப் போய்க்கொண்டிருக்கிறேன். முட்டையை மிதக்கவிட.

சனிக்கிழமை காலை பொன்னேரியில் பஸ் மாறி, பழவேற்காட்டில் இறங்கி, அங்கிருந்து தோணிரேவு. தெலுங்கில் ரேவு என்றால் படகுத்துறை. நம்ம தோணியும் அவர்கள் ரேவும் ஒட்டிக்கொண்டு ஓர் ஊர்ப்பெயர் ஆகியிருக்கிறது. ஏரியே அப்படித்தான், பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் நம்மிடம். வலை பிரித்துப் போட்டிருக்கும் ஒரு கொட்டகையில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பதினோரு பிள்ளைகள் காத்திருப்பார்கள். காத்திருப்பார்கள் என்பது கொஞ்சம் பெருமைக்குச் சொல்வது. நாலு பேர் இருப்பார்கள், மற்றவர்களைக் கூப்பிட ரெண்டு பேர் ஓடுவார்கள்.

நான் ஓய்வு பெற்ற அறிவியல் டீச்சர். முப்பது வருஷம் வேலை பார்த்ததில் என் மனசை உறுத்திக்கொண்டிருக்கிற விஷயம் ஒன்று உண்டு. ரெக்கார்டு நோட்டு.

நம்மூரில் பத்தாவது படித்த எல்லோருக்கும் தெரியும். அறிவியலுக்கு எழுத்துத்தேர்வு 75, செய்முறை 25. குவிலென்சின் குவியத்தொலைவு, திருப்புத்திறன் தத்துவத்தை வைத்து ஒரு பொருளின் எடை, ஒரு கம்பியின் மின்தடை எண். பிள்ளைகள் லென்ஸைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே விடை என்ன வரணும் என்று கேட்டுக்கொள்வார்கள். இருபது சென்டிமீட்டர் என்றால் இருபதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, நாலு ரீடிங்கை அழகாக எழுதிவிடுவார்கள். கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் 19.8, 20.1 என்று சின்னதாக ஒரு பிசிறு வைக்கும், அப்போதுதான் நிஜம் மாதிரி இருக்குமென்று. அந்தப் பிசிறை ரசித்து நானே முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். யாரைக் குறை சொல்ல? ஒரே நாளில் அறுபது பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு வைத்தால், எனக்கும் இருபது வந்தால்தான் வீட்டுக்குப் போகமுடியும்.

ஆக, செய்முறைக்கென்று ஒதுக்கிய நேரத்தில் நாங்கள் உண்மையில் கற்றுக்கொடுத்தது, தப்பான ரீடிங்கை மறைப்பது எப்படி என்பதைத்தான்.

அங்கே கற்றுக்கொடுத்திருக்க வேண்டியதற்குக் கல்வியியல் புத்தகங்களில் ஒரு பெயர் இருக்கிறது: அறிவியல் செயல்முறைத் திறன்கள். 1960-களில் அமெரிக்க அறிவியல் வளர்ச்சிக் கழகம் ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு பாடத்திட்டம் போட்டபோது பிரபலமான சொல். விஞ்ஞானி என்னென்ன செய்கிறார் என்று பார்த்து, அதைத் துண்டுதுண்டாகப் பிரித்தார்கள். உற்றுநோக்குதல், வகைப்படுத்துதல், அளத்தல், ஊகித்தல், முன்கூட்டிச் சொல்லுதல் எல்லாம் அடிப்படை. அதற்கு மேல் கருதுகோள் வைத்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல், தரவுக்குப் பொருள் சொல்லுதல். பி.எட். படித்தபோது இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துதான் நான் பாஸானேன். செயல்முறைத் திறனை மனப்பாடம் செய்து பாஸாவது என்பது நம்ம நாட்டுக்கே உரிய திறன்.

1987-ல் ராபின் மில்லர், ரோசலிண்ட் டிரைவர் என்று இங்கிலாந்தைச் சேர்ந்த இருவர் இந்தப் பட்டியலைக் கேள்வி கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். உற்றுநோக்கு, வகைப்படுத்து என்றெல்லாம் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கணுமா? பிறந்ததிலிருந்து அதைத்தானே செய்கிறார்கள் என்று. வகுப்பறையில் படித்தபோது ஏதோ மேல்நாட்டுச் சண்டை என்று விட்டுவிட்டேன். தோணிரேவுக்கு வந்த முதல் மாதத்தில் புரிந்தது. ஒரு ஒன்பதாவது பையன், தண்ணீர் மேல் ஒரு சுளிப்பைப் பார்த்தே மீனின் பேரைச் சொல்கிறான், "மடவை மிஸ்" என்று. எனக்கு அங்கே தண்ணீர்தான் தெரிகிறது. இவனுக்குப் போய் உற்றுநோக்குதல் என்று நான் பாடம் எடுப்பதா?

அப்படியானால் எதைக் கற்றுக்கொடுப்பது? எனக்குத் தோன்றியது இதுதான்: தான் சொன்னதைத் தானே சந்தேகப்படுவது. இது பிறவியில் வருவதில்லை. மீனவப் பிள்ளைக்கும் வராது, ஐ.ஐ.டி. பேராசிரியருக்கும் வராது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் வரவில்லை.

சரி, முட்டை.

ஏரித்தண்ணீர் எவ்வளவு உப்பு என்று அளக்கலாம் என்பது என் யோசனை. பழவேற்காட்டில் இது சும்மா விளையாட்டுக் கேள்வி இல்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் உள்ளே வரும். கோடையில் ஆறு நின்று, வெயில் ஏறி, முகத்துவாரமும் மணல் மூடிக்கொண்டால், சராசரியாக ஒரு மீட்டர் ஆழமே உள்ள இந்த ஏரி கடலைவிட உப்பாகிவிடும். வெள்ளை இறால் முட்டை போடுவது கடலில், குஞ்சு வளர்வது ஏரியில், பெரிதானால் திரும்பக் கடலுக்கு. வாசல் மூடினால் இறால் வரத்து நின்றது. முகத்துவாரத்தைப் பற்றி இந்த ஊரில் பேசாத டீக்கடை கிடையாது.

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் படம் இருக்கிறது. மூன்று குழு, மூன்று முட்டை, மூன்று பிளாஸ்டிக் டப்பாவில் ஏரித்தண்ணீர். மிதக்கும் என்று நான் முன்கூட்டியே பெருமையாக அறிவித்தும்விட்டேன்.

இரண்டு முட்டை கல் மாதிரி அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. மூன்றாவது மட்டும் தலையை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

எனக்குக் கை உதறல். மூன்றாவது குழுவைப் பார்த்து, "உங்களதுதான் சரி, மத்த ரெண்டு பேரும் தண்ணி எங்க எடுத்தீங்க?" என்றேன். கவனியுங்கள், என் முப்பது வருஷப் பழக்கம் எப்படி வேலை செய்கிறது என்று. புத்தகத்தோடு ஒத்துப்போன முட்டை சரி, ஒத்துப்போகாத இரண்டும் தப்பு. மூன்றும் ஒரே படகுத்துறையில் ஒரே வாளியில் எடுத்த தண்ணீர். பிள்ளைகள் சொன்னார்கள். நான் நம்பவில்லை.

பத்தாவது படிக்கிற பெண் ஒருத்தி, அதிகம் பேசாதவள், மூன்று முட்டையையும் எடுத்து, எனக்குக் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரில் போட்டாள். அந்த மூன்றாவது முட்டை நல்ல தண்ணீரிலும் மிதந்தது. "இது வேற முட்ட மிஸ்" என்றாள். எப்படி வேற? "பழசு."

உடைத்துப் பார்த்தோம். வாசனையைப் பற்றி எழுதவேண்டாம்.

முட்டை பழசாக ஆக உள்ளே இருக்கும் ஈரம் ஓட்டின் வழியே ஆவியாகிப் போய், அந்த இடத்தில் காற்று நிரம்பும். எடை குறையும், மிதக்கும். புது முட்டை கடல் தண்ணீரிலும் மூழ்கத்தான் செய்யும். கடல்நீர் நல்ல தண்ணீரைவிட இரண்டரை சதவீதம்தான் கனம். புது முட்டையோ ஏழெட்டு சதவீதம் கனம். அதை மிதக்கவைக்க ஊறுகாய் போடுகிற மாதிரி உப்பு கரைக்கணும். அன்றைக்கே கரைத்தோம். ஒரு டம்ளர் ஏரித்தண்ணீருக்கு மேலும் நாலு ஸ்பூன் போல ஆனது. முப்பது வருஷம் அந்தப் படத்தை வரைந்து பாகம் குறித்த எனக்கு, எவ்வளவு உப்பு என்ற கேள்வி ஒருநாள்கூட எழுந்ததில்லை.

(அதற்குப் பிறகு அந்தக் குழுவில் ஒருவன், முட்டை வாங்கப்போனால் கடையிலேயே டம்ளர் தண்ணீர் கேட்கிறானாம். கடைக்காரர் அவனுக்கு முட்டை விற்பதை நிறுத்திவிட்டார்.)

முட்டை சரிப்படாது என்று ஆனபின் ஸ்ட்ராவுக்கு மாறினோம். ஒரு ஸ்ட்ராவின் அடியை எம்-சீல் வைத்து அடைத்து, உள்ளே நாலு சின்ன ஆணி போட்டு, மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத்தாளைச் சுருட்டிச் சொருகினால் ஒரு நீரடர்த்திமானி. தண்ணீரில் செங்குத்தாக நிற்கும். தண்ணீர் கனமாக ஆக மேலே எழும்பும். தூத்துக்குடி, மரக்காணம் பக்கம் உப்பளத்தில் போய்ப் பாருங்கள், கண்ணாடியில் செய்த இதே கருவியைத் தண்ணீரில் விட்டு "எத்தனை டிகிரி" என்று பார்ப்பார்கள். கடல்நீர் மூணு டிகிரி சொச்சம், இருபத்தைந்தை ஒட்டி வந்தால் உப்பு விழும். பிளாஸ்டிக் ஸ்ட்ரா 2019-லேயே தமிழ்நாட்டில் தடை செய்த சாமான். பழவேற்காட்டில் ஓர் இளநீர்க் கடையில் எப்படி ஒரு கட்டு இருந்தது என்று நான் கேட்கவில்லை.

எங்கள் ஸ்ட்ரா நல்ல தண்ணீரில் 12 சென்டிமீட்டர் முங்கியது. கணக்குப்படி அது கடலில் மூன்று மில்லிமீட்டர்தான் மேலே வரும். மூன்றே மில்லிமீட்டர்! ஒருவன் மேலேயிருந்து பார்த்துப் படிக்கிறான், ஒருத்தி கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்திப் படிக்கிறாள், இரண்டு பேருக்கும் நடுவிலேயே ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம். அளக்கப்போகிற பொருளில் பாதி, அளக்கிறவர் கண்ணிலேயே காணாமல் போகிறது. இதை வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை முழுக்கச் சண்டை போட்டார்கள். அன்று வேறு ஒன்றுமே நடக்கவில்லை. எனக்குப் பிடித்த சனிக்கிழமைகளில் அது ஒன்று.

அடுத்த வாரம் நடந்ததுதான் விஷயம். ஜனவரி மாதம், மழை ஓய்ந்திருந்தது. ஒரு குழு கால் மணிக்கு ஒருதரம் துறையில் தண்ணீர் எடுத்து, உயரமான பாட்டிலில் ஊற்றி, ஸ்ட்ராவை விட்டுப் படித்தது. முதலில் நல்ல தண்ணீரைவிட இரண்டு மில்லிமீட்டர் மேலே. பிறகு ஒன்றரை. பிறகு ஒன்று. ஒரு மணி நேரத்தில் நல்ல தண்ணீர்க் கோட்டுக்கே வந்துவிட்டது. வரைபடம் போட்டார்கள். ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு சரிவு.

ஏன் என்று கேட்டேன். குழுவில் ஒரு பையன் சுத்தமாகச் சொன்னான்: "வத்தம் மிஸ். கடல் தண்ணி வெளிய போவுது, ஆத்துத் தண்ணி எறங்கி வருது. அதான் உப்பு கம்மியாவுது."

என்ன அருமையான விளக்கம்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. உள்ளூர் அறிவும் இயற்பியலும் கைகோத்து நடக்கிறது என்று மனசுக்குள் ஒரு பேச்சே தயாரித்துவிட்டேன். வீட்டுக்குப் போய் இந்தப் பதிவின் முதல் வடிவத்தைக்கூட எழுதியிருப்பேன், நல்லவேளை.

பக்கத்தில் வலை மடித்துக்கொண்டிருந்த பெரியவர், அந்தப் பையனுக்குத் தாத்தா முறை, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "இன்னா வத்தம்? தண்ணி ஏறிக்கினு கீது."

எல்லோரும் துறைக்கம்பைப் பார்த்தோம். காலையில் ஈரமில்லாமல் இருந்த இடத்துக்கு மேலே தண்ணீர். ஏற்றம்தான். கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. உப்பு கூட வேண்டும், குறையக்கூடாது.

பையன் விடவில்லை. ஏறினாலும் அந்தப் பக்கம் ஆத்துத் தண்ணிதான் தள்ளிக்கிட்டு வரும் என்று இரண்டாவது விளக்கம் ஒன்று கொடுத்தான். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. விளக்கத்துக்கு என்ன பஞ்சம்? அதற்குள் முட்டைக்காரப் பெண் (அந்தப் பெயரே நிலைத்துவிட்டது) ஸ்ட்ராவைப் பிடுங்கித் திரும்பக் கேன் தண்ணீரில் விட்டாள். காலையில் கோடு போட்ட இடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே போய் நின்றது.

"கேன் தண்ணியும் மாறிடுச்சா?" என்றாள்.

ஸ்ட்ராவைத் தலைகீழாகப் பிடித்து உதறினோம். ஒரு சொட்டு. எம்-சீலில் மயிரிழை விரிசல். வரைபடத்தாள் கீழ்ப்பக்கம் ஊறிப் போயிருந்தது. ஒரு மணி நேரமாக நாங்கள் அளந்தது ஏரியின் உப்பை இல்லை, ஓட்டையின் அளவை.

மெழுகு உருக்கி அடைத்து, ஒவ்வொரு ரீடிங்குக்கு முன்னாலும் பின்னாலும் கேன் தண்ணீரில் ஒருதரம் பார்ப்பது என்று அவர்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு மதியம் மறுபடி எடுத்தார்கள். எல்லா ரீடிங்கும் இரண்டு மில்லிமீட்டரைச் சுற்றியே, அரை மேலே, அரை கீழே. சரிவும் இல்லை, ஏற்றமும் இல்லை. முடிவு என்று போட்ட இடத்தில் அந்தப் பையன் எழுதியிருந்தான்: "இந்த ஸ்ட்ராவால் ஒண்ணும் தெரியல."

நான் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடமாக இருந்தால் காலையில் போட்டதற்கு 25-க்கு 25. நேர்க்கோடு, தலைப்பு, அலகு, அறிவியல்பூர்வமான விளக்கம், எல்லாம் உண்டு. மதியம் போட்டதற்கு என்ன போடுவேன்? ஐந்து? முயற்சிக்கு?

இந்த மதிப்பெண் சிக்கலை ஒரு இடத்தில் நிஜமாகவே தீர்க்கப் பார்த்தார்கள். மத்தியப் பிரதேசத்தில், அப்போதைய ஹோஷங்காபாத் மாவட்டம். 1972-ல் கிஷோர் பாரதி, ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து வாத்தியார்களோடு தரையில் உட்கார்ந்தார்கள். 1978-ல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982-ல் இதற்காகவே ஏகலவ்யா என்ற நிறுவனம் உருவானது. பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம், செய்துகாட்டும் தேர்வும் உண்டு. புத்தகத்தைத் திறந்தாலும் விடை கிடைக்காத மாதிரிக் கேள்வி தயாரிப்பதுதான் கஷ்டமாம். வாத்தியார்களுக்கு அதற்கே பயிற்சி தேவைப்பட்டது. பிள்ளைகள் கேள்வி எழுதி அனுப்ப சவாலிராம் என்று ஒரு கற்பனை ஆள் இருந்தார். அவர் பதில் கடிதம் போடுவார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து அர்விந்த் குப்தா செய்த பொம்மைகள் எல்லாம் அங்கே தொடங்கியவைதான். முப்பது வருஷம் ஓடியது. 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

நிறுத்தினதற்கு ஆயிரம் காரணம் பேசுகிறார்கள். எனக்கு வியப்பு வேறு. முப்பது வருஷம் ஓர் அரசுப் பள்ளிக்கூட அமைப்பு, புத்தகத்தைத் திறந்துவைத்த பரீட்சையைத் தாங்கியிருக்கிறதே!

நம்ம பக்கம் ஒன்றும் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980 முதல் இருக்கிறது, அவர்களின் துளிர் பத்திரிகை படித்து வளர்ந்த டீச்சர்களில் நானும் ஒருத்தி. 1993 முதல் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடக்கிறது. பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை எடுத்து ஆய்வு செய்யவேண்டும். நல்ல ஏற்பாடு. நானும் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன். ஒரு வருஷம் நடுவராக வந்தவர் எங்கள் சார்ட்டைப் பார்த்து "முடிவு என்ன, விழிப்புணர்வு என்ன செஞ்சீங்க" என்று கேட்டார். முடிவு தெரியவில்லை என்று சொன்ன குழு அடுத்த கட்டத்துக்குப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. 2022-ல் வந்த வானவில் மன்றம் என்ற அரசுப் பள்ளி அறிவியல் திட்டம் ஆறு முதல் எட்டாவது வரைக்கும்தான். ஒன்பதாவது வந்தால் பொதுத்தேர்வுக் காற்று அடிக்க ஆரம்பித்துவிடுகிறது, பிறகு லென்ஸ், இருபது, பிசிறு.

தோணிரேவுக்குத் திரும்புவோம். அங்கே செக்கி தட்டு என்று ஒன்றும் செய்து பார்த்தோம். 1865-ல் ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி மத்தியதரைக் கடலில் இறக்கினார். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுவே தெளிவின் அளவு. நாங்கள் எவர்சில்வர் தட்டை இறக்கினோம். அது போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டு இன்னும் பளபளவென்று தெரிந்தது. முழங்காலளவு ஏரிக்குக் கடல் கருவி. விட்டுவிட்டோம்.

கடைசியாக இறால். இது பிள்ளைகளே எடுத்த விஷயம், எனக்குப் பங்கில்லை.

ஒரு பிள்ளையின் ஆயா, சந்தையில் மீன் விற்றவர், ஏரி இறாலையும் பண்ணையில் வளர்க்கும் வனாமி இறாலையும் வாயில் வைத்தாலே சொல்லிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டுமே என்று விடுவதுதான் மரியாதை. முட்டைக்காரப் பெண் விடவில்லை. "ஆயா, கண்ண கட்டிப்பியா?"

நாலு ஏரி இறால், நாலு வனாமி. ஒரே அளவாகப் பொறுக்கவேண்டும், இல்லாவிட்டால் நாக்கு அளவை வைத்தே சொல்லும். ஒரே சட்டியில் வேகவைத்தால் சுவை கலந்துவிடும், தனித்தனிச் சட்டி என்றால் உப்பு ஒன்றாக இருக்கணும். எந்த வரிசையில் கொடுப்பது? கொடுக்கிறவன் முகத்தைப் பார்த்து ஆயா கண்டுபிடித்துவிட்டால்? ஆயாவுக்குத்தான் கண் கட்டியாச்சே. குரலை வைத்து? அப்படியானால் கொடுக்கிறவனுக்கும் எது எது என்று தெரியக்கூடாது. இந்த ஏற்பாட்டை நான் சொல்லவில்லை. என் வாயைக் கட்டிப்போட்டுக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எட்டில் ஆறு சரியாகச் சொன்னார் ஆயா. கொட்டகையே கைதட்டியது. பையன் ஒருவன், ஓட்டை ஸ்ட்ராக்காரன்தான், "சும்மா சொன்னாகூட ஆறு வருமா?" என்றான்.

எட்டுச் சீட்டு எழுதினார்கள். நாலில் "ஏ", நாலில் "ப". குலுக்கி வரிசையாக எடுத்து, இறால் வரிசையோடு ஒப்பிட்டார்கள். நாற்பது தடவை குலுக்கியதில் ஒன்பது தடவை ஆறோ அதற்கு மேலோ வந்தது. எட்டில் நாலைப் பொறுக்க எழுபது வழி. அதில் பதினேழு வழியில் ஆறு அல்லது எட்டு சரியாக வரும். கிட்டத்தட்ட நாலுக்கு ஒன்று. ஆயா எட்டும் சொல்லியிருந்தால் எழுபதில் ஒன்று, அப்போது பேச்சு வேறு.

இதே எட்டு, இதே நாலு நாலு, இதே எழுபது கணக்கை 1935-ல் ஒரு இங்கிலீஷ்காரர் புத்தகத்தில் போட்டார். டீயில் பால் முதலில் ஊற்றினதா, டிகாஷன் முதலில் ஊற்றினதா என்று குடித்தே சொல்வேன் என்றார் ஓர் அம்மா. அதை எப்படிச் சோதிப்பது என்பதுதான் அந்த அத்தியாயம். எழுதியவர் பெயர் ரொனால்ட் ஃபிஷர். பிள்ளைகளிடம் சொன்னபோது "மீன்காரரா மிஸ்?" என்றார்கள். பேர் மட்டும்தான். அவர் வேலை பார்த்தது ரோதாம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில். எந்த உரம் நல்லது என்று பார்க்கணும். ஆனால் ஒரு வயலின் மண் இன்னொன்று மாதிரி இருக்காது. அதனால் எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய் என்றார்.

சீட்டு என்றதும் பிள்ளைகளுக்குப் பாடு ஞாபகம் வந்துவிட்டது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம், ஆண்டிக்குப்பம் மூன்றிலும் தலைமுறைகளாக இருக்கும் வழக்கம். ஏரியில் வலை கட்டும் இடங்களில் சிலது நன்றாக விழும், சிலது விழாது. யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு, முறை மாற்றிக்கொண்டே வருவார்கள். நல்ல இடம் ஒருவர் கையிலேயே தங்காது. ஃபிஷர் உரத்துக்குச் செய்ததை இவர்கள் மனுஷனுக்குச் செய்திருக்கிறார்கள். அப்படியென்றால் பாடு கணக்கை எழுதிவைத்திருந்தால் எந்த இடம் நல்லது, எந்த ஆள் கெட்டிக்காரன் என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிவிடலாமே என்று நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். ஒரு பையன், அவன் வீட்டில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள், "பாட்டுல எங்க பேரே இல்ல மிஸ்" என்றான். சீட்டில் பெயர் இருக்கிறவர்களுக்குள்தான் அந்த நியாயம். யார் பெயர் சீட்டில் ஏறும் என்பதைக் குலுக்கி முடிவு செய்வதில்லை. அன்றைக்கு அதற்கு மேல் நான் ஃபிஷரைப் பற்றிப் பேசவில்லை.

ஆயாவுக்கு வருவோம். ஆறு வந்தது போதாதாம் என்று பேத்தி சொன்னதும் அவருக்கு வந்த கோபம்! "தோல உரிச்சி, வேக வெச்சி, உப்பப் போட்டு, கண்ணையும் கட்டிட்டுக் கேக்குறீங்களே டீச்சரம்மா, இத எந்த மவராசன் சொல்லுவான்? உயிரோட கொண்டாந்து கையில குடுங்க. கண்ண கட்டிக்கினே சொல்றேன். எட்டுக்கு எட்டு."

நியாயமான ஆட்சேபம். நாங்கள் சோதித்தது ஆயா சொன்ன வார்த்தையை. ஆயாவுக்குத் தெரிந்தது அதைவிடப் பெரிய விஷயமாக இருக்கலாம். நோட்டில் எழுதிக்கொண்டார்கள்: "அடுத்த முறை உயிருள்ளது, கை மட்டும்."

ஏரி இறாலுக்குப் பிரச்சினை இல்லை, காலையில் வலையிலிருந்தே எடுக்கலாம். வனாமியை ஐஸில் போட்டால் ஆயா சில்லிப்பை வைத்தே சொல்லிவிடுவார், அதனால் ஐஸ் கூடாது என்று முடிவாகியிருக்கிறது. குளத்திலிருந்து வாளியில் தண்ணீரோடு கொண்டுவரணும். பண்ணைக்காரர் நாலே நாலு இறால் தருவாரா, வாளியை யார் பைக்கில் வைப்பது, வழியில் ரெண்டு செத்துவிட்டால் மிச்சம் ரெண்டை வைத்துச் சோதனை செல்லுமா என்று போன சனிக்கிழமை மூன்று மணி வரைக்கும் பேச்சு. செல்லாது என்கிறாள் முட்டைக்காரி. ஆறு இறால் வாங்கிடலாம், ரெண்டு ஸ்பேர் என்கிறான் ஓட்டை ஸ்ட்ராக்காரன்.

ஆறு இறாலுக்குக் காசு நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.